இரண்டு வாசல் வீடு: யார் எங்கே தூங்குகிறார்கள்?

வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகுதான் தான் யார் என்று சொன்னார்.

"வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கேன்மா. பள்ளிக்கூட டீச்சர். கத்திக் கத்தித் தொண்டை தேய்ஞ்சது போதாதுன்னு, இந்த மாசம் செருப்பும் தேயட்டும்னு அனுப்பிட்டாங்க."

மருமகள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். இவருக்காகத்தான் இன்று ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். நீங்கள் இந்நாட்டுக் குடிமகளா? ஆம். பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா? ஆம். வேறு முகவரியில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது, பெண்கள் விடுதியில். அதை நீக்கிவிட்டு இங்கே சேர்க்க வேண்டும். விரல் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'இதே முகவரியில் உள்ள உறவினர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

விடுதியில் அந்தக் கட்டத்தை எல்லாப் பெண்களும் ஒரு கோடு போட்டுக் கடப்பார்கள். அவளும் அப்படித்தான் கடந்தாள். குழந்தைகள் காப்பகம், பிறகு மாணவியர் விடுதி, பிறகு வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி என்று வளர்ந்தவளுக்குக் கோடு போடுவது பழகிப்போன வேலை. முதல்முறையாக அங்கே எழுத ஒரு பெயர் இருந்தது. மாமனார் பெயரை எழுதினாள்.

மாமியார் பெயரை எழுதத் துணிச்சல் வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த இரண்டாம் நாளிலிருந்து மாமனாரும் மாமியாரும் பேசிக்கொள்வதில்லை. மாமனார் பின்பக்கத்துப் பட்டறையில் படுக்கிறார். மாமியார் கூடத்தில் படுக்கிறாள். நடுவில் செய்தி கொண்டுபோவது மருமகள். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம். மாமனார் அவளுக்கு 'எக்ஸ்சேஞ்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

என்ன சண்டை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் உள்ளே வந்தேன், அவர் வெளியே போனார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அச்செடுத்து வந்திருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். "பதினெட்டு முடிஞ்சிருச்சா?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. மூஞ்சிதான் பொடிசு," என்று சமையலறை வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயந்திரம் நான் எல்லாத்தையும் ஒப்படைக்கணும். உறவினர்னு மாமனாரைப் போட்டிருக்கீங்க. அவர் ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சது. எங்க இருக்கார்?"

"பின்னாடி பட்டறையில."

அந்த வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. ஒரு காலத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகள். பின்வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போனபோது மாமனார் அதை வாங்கி, நடுச்சுவரை இடித்துப் பட்டறை ஆக்கிக்கொண்டார். சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு மட்டும் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்.

டீச்சர் அந்த மேட்டில் கால் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை, விழுந்திருந்தா ஒரு வார்டுல காலும் இன்னொரு வார்டுல தலையும் கிடந்திருக்கும்," என்று சிரித்தார். "முன்தெரு ஆறாவது வார்டு. பின்தெரு ஏழு. வரைபடத்துல கோடு இந்த மேட்டு மேலதான் போகுது."

பட்டறையில் மாமனார் ஒரு மெத்தையின் மேல் மண்டியிட்டு, கோணி ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி, புருவம், மீசை எல்லாவற்றிலும் பஞ்சு. பஸ்ஸில் வயதானவர் என்று நினைத்து யாராவது எழுந்து இடம் கொடுத்தால், வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பஞ்சைத் தட்டிவிட்டுக்கொள்வார்.

"வாங்க டீச்சர். எங்க போடணும் கையெழுத்து?"

டீச்சரின் பார்வை வேறெங்கோ போனது. மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன் மேல் தலையணை, மடித்த போர்வை. சுவர் ஆணியில் சட்டை. ஜன்னல் திட்டில் பல் துலக்கும் பிரஷ், தண்ணீர்க் கூஜா, அலாரம் கடிகாரம்.

"இங்க யார் தூங்குறது?"

"நான்தான்," என்றார் மாமனார், கொஞ்சம் பெருமையாகவே. "ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறேன், எனக்குக் கயிற்றுக் கட்டில்தான் தூக்கம் வருது."

"தினமுமா?"

"தினமும்தான்."

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "ஏம்மா, அவரை வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லு."

"மாமா, அத்தை உங்களை..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து மருமகள் நிறுத்தினாள்.

டீச்சர் பேனாவை மூடினார். "ஐயா, ஒருத்தர் வழக்கமா எங்க தூங்குறாரோ அதுதான் அவர் முகவரி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். நீங்க தூங்குறது ஏழாவது வார்டுல. உங்க பேர் இருக்கிறது ஆறாவது வார்டு பட்டியல்ல. இந்த வீட்டு எண்ல இருந்து உங்களை எடுத்துட்டு, பின்தெரு எண்ல சேர்க்கணும்."

"ஒரே வீடுதானே டீச்சர்!"

"உங்களுக்கு ஒரு வீடு. வரைபடத்துக்கு ரெண்டு."

அவர் மருமகளின் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "நீ பயப்படாத. உன் வேலை கெடாது. மாமனார் பேரை அடிச்சுட்டு மாமியார் பேரை எழுது. அவங்க கையெழுத்து போட்டா உன் பேர் இப்பவே ஏறிடும். மாமனார் பேரை நான் பின்பக்கம் மாத்தி எழுதிக்கிறேன்."

மருமகள் பேனாவைக் கையில் வாங்கினாள். அவள் பெயர் ஏறும். அதே நாளில், அதே வீட்டு எண்ணிலிருந்து அவர் பெயர் இறங்கும். இத்தனை நாளாக மனதுக்குள் மட்டும் இருந்தது இனி அரசாங்கத்திடமும் இருக்கும்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள். "இப்ப எதுவும் எழுதாதீங்க. சாயந்திரம் ஒரு தடவை வர முடியுமா?"

"வர முடியாமப் போயிட்டா உன் பேர் இந்தத் தடவை கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். பரீட்சையில் தெரிந்த கேள்வியை விட்டுவிட்டு எழுந்து போகும் மாணவியைப் பார்ப்பது போல. "முடிஞ்சா வர்றேன். ஆனா ஒண்ணு, நான் பார்க்கிறதைத்தான் எழுதுவேன். நாடகமெல்லாம் வேண்டாம்."

'நாடகம்' என்ற சொல்லைக் கேட்டதும் மாமனாருக்கு இருமல் வந்தது. பஞ்சு என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

*

அறைக்குள் வந்து தன் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

முடிவு எடுத்துவிட்டாள். நான் பட்டறைக்குப் போய்விடுகிறேன். மாமா இந்த அறைக்கு வரட்டும். கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வாரக் கடைசியில்தான் வருகிறான். ஒருத்திக்கு எதற்கு ஓர் அறை? விடுதியில் எத்தனை கட்டில் மாறியிருக்கிறோம். போர்வையின் நாலு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டால் ஒரு வீடு பெயர்ந்துவிடும்.

ஆனாலும் கை மெதுவாகத்தான் வேலை செய்தது. இந்த அறைக்குக் கதவு இருக்கிறது. வந்த முதல் நாள் அதைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அன்றைக்கு ஒரு நல்ல கதையின் முதல் வரி மாதிரி இருந்தது.

அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்ததால் பகலிலும் உள்ளே இருட்டு.

"இருட்டுல என்னம்மா உருட்டிக்கிட்டு இருக்க?"

மாமியார் உள்ளே வந்தாள். பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை அலமாரிக்குப் பின்னால் விட்டாள். விளக்கு எரிந்தது.

மருமகளின் கை அப்படியே நின்றது.

அந்த சுவிட்ச் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ வேண்டுமென்றே ஒளித்து வைத்தது போல் இருக்கும். அதைத் தடவாமல் கண்டுபிடிக்க அவளுக்கே பல நாள் பிடித்தது. இது மகனுடைய அறை, சின்ன வயதிலிருந்தே அவன் அறை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அத்தை, அந்த சுவிட்ச்..."

"என்ன சுவிட்சு?"

"பார்க்காமலே போட்டீங்க."

"ஆமா, கல்யாணமாகி வந்ததுல இருந்து போடுற சுவிட்சு, அதைப் பார்த்து வேற போடணு..." மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமியாருக்கு ரகசியம் தங்காத முகம். முதலில் காது சிவந்தது, பிறகு மூக்கு.

"இது உங்க அறையா?"

மாமியார் கதவருகே போனாள். சட்டென்று பின்பக்கம் திரும்பி, இத்தனை மாதங்களில் முதல்முறையாக நேரடியாக, அதுவும் தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏங்க! போதும், வந்து சேருங்க. குட்டு உடைஞ்சுபோச்சு!"

மாமனார் ஊசியோடு ஓடி வந்தார். முகத்தில் பயம் இல்லை, வீட்டுப்பாடம் ரத்தான பையனின் சந்தோஷம். "அப்பாடா! சொல்லிட்டியா? இனிமே குழம்புல உப்பு கம்மின்னு நானே சொல்லலாம் இல்ல?"

"நீங்க ரெண்டு பேரும்... பேசிக்கிறீங்களா?"

"பேசாம எப்படிம்மா இருக்கிறது? நீ டியூட்டிக்குப் போனதும் மொத்தமாப் பேசித் தீர்த்துக்குவோம்," என்றாள் மாமியார். "நீ லீவு போடுற நாள்தான் எங்களுக்குக் கஷ்டம். இந்த மனுஷன் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வந்து நின்னு ஜாடை காட்டுவார்."

"எதுக்கு அத்தை? எதுக்கு இப்படி?"

மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுருட்டி வைத்திருந்த படுக்கையை மெதுவாக அவிழ்த்து விரித்தாள்.

"பெண் பார்க்க விடுதிக்கு வந்தப்போ, வரவேற்பறையில என்கிட்ட ஒண்ணு சொன்ன. ஞாபகம் இருக்கா? 'இங்க எங்களுக்கெல்லாம் திரைச்சீலைதான் ஆன்ட்டி, கதவு உள்ள அறையில நான் தூங்கினதே இல்ல'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. வீட்டுக்கு வந்தும் என் காதுல அதுவே கேட்டுக்கிட்டு இருந்தது. நம்ம வீட்டுல கதவுள்ள அறை இது ஒண்ணுதான்."

"கேட்டா நான்..."

"வேண்டாம்னு சொல்லியிருப்ப. அதான். வந்த அன்னைக்கே, 'மாமா எங்க தூங்குவார்'னு கேட்டியே! கூடமெல்லாம் தைச்சு வச்ச மெத்தை அடுக்கு. ஒரு கட்டில்தான் விழும். ஆம்பளை ஏன் பட்டறையில படுக்கிறார்னு நீ கேட்டா என்ன சொல்றது? இவர்தான் சொன்னார், சண்டைன்னு சொல்லிடுவோம், புருஷன் பொண்டாட்டி சண்டைக்குள்ள எவளும் மூக்கை நுழைக்க மாட்டாள்னு."

"நல்ல யோசனைதானே?" என்றார் மாமனார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் வந்ததாலதான் சண்டைன்னு நினைச்சேன் மாமா. தினமும் நினைச்சேன்."

மாமனாரின் சிரிப்பு நின்றது. ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே திருப்பினார். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அட, அது எங்க புத்திக்கு எட்டவே இல்லையே," என்றாள் கடைசியில். "உனக்குச் சுகமா இருக்கட்டும்னு பண்ணினோம். நீ உள்ளுக்குள்ள இப்படியா கிடந்த?"

மருமகளுக்கு அழுகை வந்தது. ஆனால் அது வந்த வழி புதிதாக இருந்தது. இதுவரை யாரும் அவளுக்காக ஒரு பொய்யைக்கூடச் சிரமப்பட்டுச் சொன்னதில்லை. இங்கே இரண்டு பேர், வாய் ஓயாமல் பேசுகிற இரண்டு பேர், அவளுக்காக மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நன்றி என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் இந்தச் சின்ன அறையில் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"நான் பட்டறைக்குப் போறேன்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க..."

"போனா காலை உடைப்பேன்," என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப நானே ஏழாவது வார்டுக்குப் போறேன். நல்ல வார்டு, தண்ணி நல்லா வருது," என்றார் மாமனார்.

"நீங்களும் போகக்கூடாது."

மூன்று பேரும் அடுத்தவருக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் மூன்று பேரும் தெருவில்தான் படுக்க வேண்டும். மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். ஒரு பக்கச் சுவர் முழுக்க, இடுப்பு உயரத்துக்குப் புது மெத்தைகள்.

"மாமா, இதெல்லாம் ஏன் இங்க இருக்கு? பட்டறையில வைக்கலாமே?"

"அங்க பஞ்சு பறக்கும். வெள்ளை உறையெல்லாம் அழுக்காகும்."

அவள் திரும்பினாள். முகத்தில் ஈரம் இருந்தது, ஆனால் கண் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "திரை போட்டா?"

"திரையா?"

"ஒரே ஹாலை எட்டு அறையாக்கி நாங்க குடியிருந்திருக்கோம் மாமா. கம்பி, வளையம், கனமான துணி. அடியில மணல் பை தைச்சுட்டா காத்துக்கும் அசையாது, தூசியும் போகாது. பக்கத்து கட்டில் பவுடர் வாசனைகூட வராது. என்கிட்ட விடுங்க."

பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு சின்னப் போர். மெத்தை உறைக்கு வாங்கிய தடித்த துணியை மாமனார் வெட்டினார், மாமியார் தைத்தாள், மருமகள் நாற்காலி மேல் ஏறிக் கம்பி கட்டினாள். "இழுங்க!" "யாரை?" "துணியை!" மாமனாரும் மாமியாரும் இத்தனை மாதப் பாக்கியையும் சேர்த்து வாயாடினார்கள். உப்பு, குறட்டை, காணாமல் போன கத்தரிக்கோல் எதையும் விட்டுவைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வேலையே இல்லை.

மெத்தை அடுக்கு பட்டறைத் திரைக்குப் பின்னால் போனது; கயிற்றுக் கட்டில் மேட்டைத் தாண்டி ஆறாவது வார்டுக்குத் திரும்பியது. கூடம் அகலம் குறைவுதான். ஆனால் நீளம் இருந்தது. இரண்டு கட்டில்களையும் ரயில்பெட்டிகள் போல ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டார்கள்.

*

டீச்சர் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முனகினார்.

பட்டறைக்குப் போனார். திரையை விலக்கி அடுக்கைப் பார்த்தார். காலி மூலையைப் பார்த்தார். திரும்பி வந்து கூடத்துக் கட்டில்களைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கா, எப்பவுமா?"

"எப்பவும்," என்றார்கள் மூன்று பேரும்.

"தலைக்குத் தலையா, காலுக்குக் காலா?"

"தலைக்குத் தலைதான் டீச்சர். அப்பதான் படுத்துக்கிட்டே சண்டை போட வசதி," என்றார் மாமனார்.

டீச்சர் சந்தேகத்தோடு மெத்தையை அழுத்திப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, "அம்மாடி," என்று ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல் இருந்தார். "சரி. இது வீடுதான். ஐயா பேர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீ எடும்மா விண்ணப்பத்தை. உறவினர் கட்டத்துல மாமனார்தானே?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சமையலறைக் கதவில் ஏதோ அழுக்கைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே அழுக்கு எதுவும் இல்லை.

"மாத்தலாமா டீச்சர்?"

"ஒரு பேர்தான் போடலாம். யாரை?"

"அத்தையை."

மாமியார் கைத்துணி கீழே விழுந்தது.

"இது அநியாயம்," என்றார் மாமனார். "கயிற்றுக் கட்டில்ல கிடந்தது நான், பேர் அவளுக்கா?" ஆனால் மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டது அவர்தான். மாமியார் ஒவ்வொரு எழுத்தாக, உறைக்கு ஓரம் தைப்பது போல, கையெழுத்துப் போட்டாள்.

டீச்சர் ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "விடுதியில இருக்கிற பேர் தானா நீங்கிடும். பட்டியல் வெளிவந்ததும் ஒரு தடவை சரி பார்த்துக்க. ஓட்டுப்போட வரும்போது மூணு பேரும் ஒண்ணா வாங்க, ஒரே சாவடிதான்."

ஒரே சாவடி. மருமகள் சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

கைபேசி அடித்தது. கணவன். கிரேன் கூண்டிலிருந்து பேசுகிறான் என்று காற்றுச் சத்தமே சொன்னது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீங்களும் கூட்டுக் களவாணிதானே?"

அவனுக்கு உடனே புரிந்தது. சிரித்தான். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க, நான் என்ன பண்ண? சரி, கேளு. பெரிய விஷயம். கம்பெனி புதுத் துறைமுகத்துக்கு ஆள் எடுக்குது. கடல் தாண்டி. என் பேர் வந்திருக்கு. குடும்பத்துக்கு வீடு தர்றாங்க. குடும்பம்னா நீயும் நானும்தான். மூணு அறை! மூணுக்கும் கதவு! நாளைக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்ற?"

அவள் கையில் சீட்டு இருந்தது. மை இன்னும் காயவில்லை.

கதவுக்கு வெளியே மாமியார் குரல். "அவன்தானே? என்னம்மா சொல்றான்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு செய்தியையும் வழியில் நிறுத்தி வைத்ததில்லை. வந்ததை வந்தபடி, போக வேண்டிய காதுக்குப் போட்டுவிடுவாள். அதுதான் அவள் தொழில்.

"லைன் சரியில்ல அத்தை," என்றாள். "ஒண்ணும் கேட்கல."